எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி: மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு தாயின் மதிப்புரை

காவிரிப் படுகையில் உள்ள எங்கள் சிற்றூரின் அரசு மேல்நிலைப் பள்ளியில் என் மகள் 2023 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பை முடிக்கிறாள். கோடை விடுமுறை நெருங்கும்போது, பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோரிடம் வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாதவற்றை இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். குறைகளையும் எழுதப் போகிறேன், பிள்ளைகள் சிலரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே அதுவே முறை.

கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்றைத்தான் கேட்கிறார்கள்: கழிப்பறை எப்படி, ஆங்கிலம் எப்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எப்படி. கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. இரண்டு கதவுகளில் தாழ்ப்பாள் சரியில்லை. ஆங்கிலம் அந்தந்த ஆண்டு வாய்க்கும் ஆசிரியரைப் பொறுத்தது. மகளுக்கு ஏழாம் வகுப்பில் நல்லவர் வாய்த்தார். தேர்ச்சி விழுக்காடு சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் குறைந்ததாக இல்லை. பாடநூல், சீருடை, மதிய உணவு ஆகியவற்றுக்கு நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் இருப்பதால், அதைக் கணக்கிட்டே ஆறாம் வகுப்பில் இங்கே சேர்ப்பவர்களும் உண்டு. அதில் தவறேதும் இல்லை.

நான் விரிவாக எழுத விரும்புவது, எவரும் கேட்காத நான்காவது ஒன்றைப் பற்றி. பிள்ளை அந்தப் பள்ளியை "எங்க ஸ்கூல்" என்று சொல்கிறதா, சொல்கிறதென்றால் அந்த நெருக்கம் மாலையில் புத்தகப் பையைத் திறக்கும்போதும் கூட வருகிறதா என்பதே அது. பள்ளிப் பற்றும் படிப்பு முயற்சியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். பிணைப்பு உண்டு, ஆனால் அது தானாக விழும் முடிச்சு இல்லை, யாராவது போட்டால்தான் உண்டு என்பதை இந்தப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

காலை 9.10 மணிக்கு வழிபாட்டுக் கூட்டம் தொடங்குகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், அன்றைய செய்தி என எல்லா அரசுப் பள்ளிகளிலும் உள்ள ஒழுங்குதான் இங்கும். செய்தி வாசிப்பில் மட்டும் இப்பள்ளிக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. உலகம், நாடு, மாநிலம் என மூன்று செய்திகள் முடிந்ததும், நான்காவதாக மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு ஆகியவற்றை ஒரு மாணவர் வாசிக்கிறார். ஜூன் 12 அன்று அணை திறக்குமா திறக்காதா என்பதை வைத்தே குறுவை சாகுபடியை முடிவு செய்யும் ஊரில், அந்த எண்களுக்காக மதிலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திக் காதுகொடுத்துவிட்டுப் போகிற பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

2024 ஜூனில் இந்தப் பொறுப்பு என் மகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பையனிடம் தரப்பட்டது. வாரத்தில் இரண்டு நாள் வராமல் போகும் பழக்கம் உள்ளவன். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அவனிடம் போய் இதைக் கொடுத்தது அறிவியல் ஆசிரியரின் முடிவு. அது வகுப்பில் பலருக்கும் வியப்பாக இருந்தது என்று மகள் சொன்னாள். அவன் காலை ஏழு மணிக்கெல்லாம் கடைத்தெரு டீக்கடைக்குப் போய், நாளிதழில் அணை நிலவரம் அச்சாகும் மூலையைப் பார்த்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவான். அடி, கன அடி, டி.எம்.சி. என்ற மூன்றுக்கும் வேறுபாடு என்ன என்று யாரோ கூட்டத்தில் கேட்டுவிட, பதில் தெரியாமல் நின்றவன் மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து மேடையிலேயே சொன்னான்: நீர்மட்டத்துக்கு அடி, நீர்வரத்துக்கு விநாடிக்கு இத்தனை கன அடி, நீர் இருப்புக்கு நூறு கோடி கன அடியைக் குறிக்கும் டி.எம்.சி. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; இன்றைய இருப்பு அதில் எத்தனை விழுக்காடு என்று கணக்கு ஆசிரியர் ஒரு நாள் அவனைக் கேட்டார். தசமப் புள்ளியைக் கண்டாலே பக்கத்தைத் திருப்பிவிடும் பையன் அந்த வாரம் முழுவதும் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தானாம்.

அந்த ஜூலை இறுதியில் நீர்மட்டம் முழு அளவான 120 அடியை எட்டியது. அதை அவன் வாசித்த காலையில் மைதானம் முழுவதும் கைதட்டியது என்று மகள் வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் சொன்னாள். அந்தப் பருவத்தில் அவன் வராத நாள்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். பள்ளியின் மீது பற்று வந்து, அதனால் அவன் ஒழுங்காக வரத் தொடங்கினான் என்று இதைச் சொல்வதற்கில்லை. அவன் கொண்டு வரும் எண்ணுக்காக நாலு பேர் காத்திருந்தார்கள், அதனால் வந்தான். வந்து வந்துதான் பள்ளி அவனுடையதாயிற்று.

நான் கல்வியியல் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் பணிபுரிகிறேன். அங்கே அலமாரியில் தூசி தட்டி எடுத்துவைக்கும் இதழ்களில் இதே செய்தி வேறு சொற்களில் இருப்பதைப் பின்னர் பார்த்தேன். ஜெரமி ஃபின் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1989ஆம் ஆண்டுக் கட்டுரையில், பிள்ளைகள் பள்ளியை விட்டு விலகுவது ஒரே நாளில் நிகழ்வதில்லை என்கிறார். பங்கேற்பு குறைய, அதனால் தேர்ச்சி குறைய, அதனால் "இது என் இடம்" என்ற எண்ணம் குறைய, அதனால் பங்கேற்பு மேலும் குறையும் சுழலாக அவர் அதை விளக்குகிறார். சுழலை எதிர்த்திசையில் சுற்றவைக்கவும் பங்கேற்பே தொடக்கம். அறிவியல் ஆசிரியர் அந்தக் கட்டுரையைப் படித்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது, செய்தது அதைத்தான்.

இனி, இப்பள்ளியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத, மகிழ் முற்றம் என்ற அணி முறை. தனியார் பள்ளிகளில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று மாணவர்களை அணி பிரிக்கும் முறை நமக்குப் பழக்கமானது. அது இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளிலிருந்து வந்தது. அரசுப் பள்ளிகளுக்கு அதைத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் கொண்டுவந்தபோது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்திணைப் பெயர்களைச் சூட்டியது. பெயர்த் தேர்வை மனமாரப் பாராட்டுகிறேன். வயலுக்கு நடுவே வாழும் பிள்ளைக்கு "நீ மருதம்" என்று சொன்னால், அதைத் தமிழாசிரியர் விளக்கத் தொடங்கும் முன்பே பாதி விளங்கிவிடுகிறது. என் மகள் மருதம். திணை, கருப்பொருள் என்று பாடத்தில் வந்தபோது, இந்த ஒன்றுக்காகவே நான்கு திணைகளின் பூவையும் பறவையையும் மற்ற அணிப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். சொல்லாமலே ஒரு பிள்ளை தானாக நோட்டை எடுத்து எழுதுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி பெற்றோருக்குத் தெரியும்.

எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு கரும்பலகையில் ஐந்து பத்திகள் இழுத்து, வண்ணச் சுண்ணக்கட்டியால் வாரந்தோறும் புள்ளிகள் எழுதுகிறார்கள். நூலகப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கூட்டத்தில் சொன்னால் புள்ளி, நட்ட கன்றைப் பட்டுப்போகாமல் காத்தால் புள்ளி, வகுப்பறைத் தூய்மைக்குப் புள்ளி. தொடக்கத்தில் வருகைக்கும் புள்ளி இருந்தது. இங்கேதான் எனக்கும் பள்ளிக்கும் முதல் மனத்தாங்கல் ஏற்பட்டது.

2025 தொடக்கத்தில் மகளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, பத்து நாள்களுக்கு மேல் அவளை வெளியே விடாமல் வைத்திருந்து, தண்ணீர் ஊற்றிய பிறகே பள்ளிக்கு அனுப்பினேன். போன முதல் நாளே அழுத முகத்தோடு திரும்பி வந்தாள். கரும்பலகையில் மருதம் கடைசி இடத்துக்கு இறங்கியிருந்தது. "உன்னாலதான்டி மருதத்துக்குப் புள்ளி போச்சு" என்று, அதுவரை சாப்பாட்டு வேளையில் ஒன்றாக உட்கார்ந்து பகிர்ந்து உண்ட தோழியே சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் மகள் வயிற்று வலி என்றாள். அதற்கு மறுநாள் தலைவலி என்றாள். அம்மை இறங்கிய பிறகு அவள் இழந்த நாள்கள் அம்மையால் இழந்தவற்றைவிட எனக்கு அதிக வேதனை தந்தன. குழு உணர்வு என்பது பிள்ளையைத் தாங்கும் கையாகவும் இருக்கும், கழுத்தைப் பிடிக்கும் கையாகவும் இருக்கும்; எதற்குப் புள்ளி கொடுக்கிறோம் என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் என் குறையை மறுக்கவில்லை. உடனே மாற்றவும் இல்லை. ஒரு மாதம் ஆயிற்று. நான் இரண்டு முறை பள்ளிக்கு நடந்து கேட்ட பிறகு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மற்ற தாய்மார் சிலரும் பேசினார்கள். மாதவிடாய் நாள்களில் வயிற்று வலியால் விடுப்பு எடுக்கும் பெண் பிள்ளைகளும் இதே பழியைச் சுமந்திருப்பது அன்றுதான் வெளியே வந்தது. அதன் பிறகு வருகைப் புள்ளி நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, வராத பிள்ளைக்கு அன்றைய பாடக் குறிப்பை எழுதி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் அணிக்குப் புள்ளி என்று வைத்தார்கள். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே இந்தப் பள்ளியை நான் பிறருக்குப் பரிந்துரைப்பேன். சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் காய்ச்சலில் கிடந்த பெண்ணுக்கு, என் மகளும் அன்று பழி சொன்ன அதே தோழியும் குடைக்குள் நோட்டை மறைத்து எடுத்துச் சென்றார்கள். குறிப்பை எழுதுவதற்காகவே வகுப்பில் கவனமாக உட்கார்ந்ததாக மகள் சொன்னாள். சமூக அறிவியல் பாடத்தில் அவள் முழுமையாக எழுதி வைத்திருக்கும் பக்கங்கள் எல்லாம் வேறொருத்திக்காக எழுதியவை.

இதற்கு முன் ஐந்தாம் வகுப்பு வரை மகள் ஒரு தனியார் பள்ளியில் படித்தாள். அங்கே பள்ளிப் பற்றுக்குக் குறைவில்லை என்றே நானும் அப்போது எண்ணினேன். பள்ளிக்கென்று பாட்டு இருந்தது, முழக்கம் இருந்தது, சித்திரை வெயிலிலும் கழுத்துப் பட்டை இருந்தது, முதலிடம் பெற்றவர்களின் முகங்கள் வாயிலில் பதாகையாக இருந்தன. அவள் அந்தப் பாட்டை இன்றும் பிழையின்றிப் பாடுவாள். அங்கே நீ என்ன செய்தாய் என்று கேட்டால், கைதட்டினேன் என்பதற்கு மேல் அவளுக்கு நினைவில் எதுவும் இல்லை. அங்கு உழைத்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதாகையில் இடம்பெறாத பிள்ளையிடம் பள்ளி கேட்டுப் பெற வேண்டியது எதுவும் இல்லாதபோது, அந்தப் பிள்ளை பள்ளிக்காக முயலவும் எதுவும் இல்லாமல் போகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் குறை இங்கேயும் முற்றிலும் இல்லாமல் இல்லை. விளையாட்டு விழாவுக்கு முன்பு ஏறத்தாழ மூன்று வாரம் அணிவகுப்புப் பயிற்சி நடக்கிறது. ஓடுபவர்கள் சிலர், வெயிலில் வரிசையில் நிற்பவர்களும் கூச்சலிடுபவர்களும் மீதிப் பேர். அந்த மூன்று வாரமும் வீட்டில் மருதம், மருதம் என்ற பேச்சுத்தான். புத்தகம் திறக்கப்படவே இல்லை. விழா முடிந்து கோப்பை யாருக்கு என்று தெரிந்த மறுநாள் அந்த உற்சாகம் வடிந்தது. வடிந்த இடத்தில் படிப்பு வந்து நிற்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் இந்த ஆண்டு ஒவ்வொரு பிள்ளையும் ஏதேனும் ஒன்றில் பங்கேற்றாக வேண்டும் என்று தொடர் ஓட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டியது நல்ல தொடக்கம். பயிற்சி நாள்களைக் குறைத்தால் இன்னும் நல்லது.

இவ்விடத்தில் பெற்றோர் மயங்கிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். பள்ளியை நேசிப்பதும் பாடத்தில் உழைப்பதும் ஒன்றல்ல. 2004இல் ஜெனிஃபர் ஃபிரெட்ரிக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று, மாணவர் ஈடுபாட்டை நடத்தை, உணர்வு, சிந்தனை என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஒழுங்காக வருவதும் கலந்துகொள்வதும் முதலாவது. பள்ளி பிடித்திருப்பது இரண்டாவது. கடினமான ஒன்றை விடாமல் பிடித்து மல்லுக்கட்டுவது மூன்றாவது. என் மகளிடம் முதல் இரண்டும் நன்றாக வளர்ந்திருக்கின்றன. மூன்றாவது பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. பின்னக் கணக்கில் இன்றும் தடுமாறுகிறாள். மருதத்தின் மீதுள்ள பாசம் பின்னத்தைச் சொல்லித் தந்துவிடவில்லை. எந்த ஆசிரியர் அந்தப் பாசத்தைப் பிடித்து ஒரு வேலையோடு கட்டினாரோ, அந்தப் பாடத்தில் மட்டும் முயற்சி கூடியிருக்கிறது. தமிழிலும் அறிவியலிலும் அது நடந்தது. கணக்கில், அந்த அணை நிலவரப் பையனுக்கு நடந்தது. என் மகளுக்கு இன்னும் நடக்கவில்லை.

கேரல் குட்எனோ 1993இல் வெளியிட்ட, பள்ளியோடு பிள்ளைக்கு உள்ள ஒட்டுதலை அளக்கும் 18 கூற்றுகள் கொண்ட வினாநிரல் ஒன்று எங்கள் நூலகத்தில் இருக்கிறது. அதில் சிலவற்றைத் தமிழில் சொல்லி மகளிடம் கேட்டேன். நான் எதிலாவது திறமை காட்டினால் இங்கே கவனிக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு கூற்று உண்டு. அவள் சற்று யோசித்துவிட்டு, "கவனிக்கிறாங்கம்மா, ஆனா கூட்டத்துல சொன்னாத்தான்" என்றாள். இந்தப் பதிலை வகுப்பாசிரியரிடம் சொன்னேன். மேடைக்கு வராத திறமைகளைக் குறித்துவைக்க அவர் இப்போது ஒரு தனி ஏடு வைத்திருக்கிறார்.

ஊருக்கும் பள்ளிக்கும் உள்ள உறவையும் மதிப்புரையில் சேர்க்கத்தான் வேண்டும். 1950களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்ற பெயரில் ஊரார் தங்கள் பள்ளிக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியைப் போலவே கல்விச் சீர் இப்போது பல ஊர்களில் நடக்கிறது. எங்கள் ஊரில் நடந்தபோது கல்யாணச் சீர் வரிசையைப் போலத் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு மின்விசிறி, நாற்காலி, பீரோ, குடம் எல்லாம் மேளத்தோடு தெருவில் வந்தன. அன்று பார்த்தது மனத்தில் நிற்கிறது: எங்கள் தெருவில் கொத்து வேலை செய்யும் ஒருவர், தான் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட அதே பள்ளிக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தை மார்போடு அணைத்து எடுத்து வந்தார். அவருடைய பேத்தி, அந்தக் கடிகாரம் மாட்டிய வகுப்பில், மணி பார்த்துச் சொல்லும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்பள்ளியின் பெரிய குறை என்று நான் கருதுவது பத்தாம் வகுப்பில் இருக்கிறது. பொதுத் தேர்வு வருகிறது என்பதால் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பிள்ளைகளை அணி வேலைகளிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். காலை 8.30 மணிக்குச் சிறப்பு வகுப்பு, மாலை ஆறு வரை தேர்வு. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் முரசு அடித்தவன். இந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் நின்றான். ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டேன். "நாங்க இப்ப எந்த அணியும் இல்ல அத்தை, டென்த்" என்றான். மிகுந்த உழைப்பு தேவைப்படும் ஆண்டில், உழைப்புக்குப் பிடிமானமாக இருந்ததைப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்துவிடுகிறோம். இதில் பள்ளியை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் பெற்றோராகிய நாங்களே. பெற்றோர் கூட்டத்தில் முரசை நிறுத்தச் சொல்லிக் கை தூக்கியவர்களில் அந்தப் பையனின் தந்தையும் ஒருவர்.

கரும்பலகையில் பத்தாம் வகுப்பின் பெயர் நீடிக்க வேண்டும், வாரத்தில் ஒரு பாடவேளையாவது அவர்கள் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லித் தர வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொல்லித் தருபவர்களுக்கும் பாடம் பதியும் என்பது என் வாதம். தலைமையாசிரியர் அரையாண்டுத் தேர்வு வரை மட்டும் முயன்று பார்க்கலாம் என்றிருக்கிறார்.

மதிப்பெண் இடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை இடுவேன். அம்மை முடிந்த அந்த வாரத்தில் கேட்டிருந்தால் இரண்டுதான் இட்டிருப்பேன். பள்ளி தன் பிழையைக் கேட்டுத் திருத்திக்கொண்டதற்கே மீதி. பிள்ளை கூச்ச சுபாவம் உடையதென்றால், சேர்க்கும்போதே வகுப்பாசிரியரிடம் அதைச் சொல்லி, சிறியதானாலும் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். இங்கே கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் மறந்துபோகிறார்கள். நேரில் பார்க்க விரும்புவோர் விண்ணப்பம் வாங்க வரும் கோடை விடுமுறையில் வர வேண்டாம். அப்போது மைதானம் காலியாக இருக்கும். பள்ளி நடக்கும் நாளில், தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, காலை 9.10க்கு வேப்பமரத்தடியில் நில்லுங்கள். மூன்று செய்திகள் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டாம், நான்காவது வரை இருங்கள். அந்தப் பையன்தான் இன்னமும் வாசிக்கிறான். இப்போது அவனுக்குப் பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டோடு நிற்கிறாள், கன அடியைப் பிழையில்லாமல் சொல்ல அவளுக்கு அவன் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறான்.